போர்தோ ஒயின் அருங்காட்சியகம்: குடிக்காதவர்களுக்கு அங்கே என்ன வேலை?

கோட்டையூரான் எழுதியது:

பாரிசில் படிக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தபோது, அவள் பிடிவாதத்தால் பிரான்சின் போர்தோ நகருக்கும் போய்வந்தோம். அங்கே ஒயினுக்கென்றே கட்டிய ‘சித்தே து வேன்’ அருங்காட்சியகத்தின் வாசலில் எடுத்த படத்தைக் குடும்பக் குழுவில் போட்டதுதான் தாமதம், ‘ஆத்தாவையுமா அங்கே கூட்டிப் போனாய்?’ என்று விசாரணைக் கமிஷன் வைத்துவிட்டார்கள். ஆமாம், கூட்டிப் போனேன். எங்கள் வீட்டில் யாருக்கும் குடிப்பழக்கம் கிடையாது. அப்படியிருந்தும் அன்று முழுக்க அதிகம் ரசித்தவர் ஆத்தாதான். ஆளாளுக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே விவரமாக எழுதிவிடுகிறேன். போக நினைப்பவர்களுக்கும் உதவும்.

பாரிசிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். ஊருக்குள் டிராமில் பி தடத்தைப் பிடித்தால் அருங்காட்சியகத்தின் பெயரிலேயே ஒரு நிறுத்தம் உண்டு. கரோன் ஆற்றங்கரையில், ஒரு காலத்தில் துறைமுகக் கிடங்குகள் இருந்த பகுதி. 2016 ஜூனில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். 55 மீட்டர் உயரம், கண்ணாடியும் அலுமினியமுமாக வளைந்து நெளிந்து நிற்கிறது. கோப்பையில் சுழலும் ஒயின், ஆற்றுச் சுழி, முறுக்கேறிய திராட்சைக் கொடி என்று கட்டியவர்கள் விளக்கம் சொல்கிறார்கள். நம் செட்டிநாட்டு வீடுகளின் சதுரமான வளவையும் (முற்றம் சூழ்ந்த பகுதி) நேர்கோட்டில் ஓடும் பட்டாலையையும் (கூடம்) பார்த்துப் பழகிய என் கண்ணுக்கு அது ஒட்டவில்லை. மகளுக்குப் பிடித்தது.

உள்ளே போனதும் காதில் மாட்ட ஓர் ஒலிக் கருவி தருகிறார்கள். எட்டு மொழிகள் இருக்கின்றன, தமிழ் இல்லை. ஜப்பானியமும் சீனமும் உண்டு. நாங்கள் ஆங்கிலத்தில் கேட்டோம், ஆத்தாவுக்கு மகள் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தாள். இங்கிருந்து தொடங்கி அங்கே முடி என்ற கட்டாயம் கிடையாது. நிலையான கண்காட்சி மட்டும் ஏறத்தாழ 3,000 சதுர மீட்டர். உலகின் திராட்சைத் தோட்டங்களை வானத்திலிருந்து படம்பிடித்துப் பெரிய திரைகளில் ஓடவிடுகிறார்கள். மரக்கப்பலின் வயிறு போல ஓர் அரங்கு. உள்ளே உட்கார்ந்தால் சுற்றிலும் கடல், வியாபாரிகள் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு போகும் கதை. ஆத்தா அதில் உட்கார்ந்தபடி, அவருடைய ஐயா நாகப்பட்டினத்தில் ரங்கூன் கப்பல் ஏறிய கதையை என் மகளுக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். படம் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம்.

எங்களை நகரவிடாமல் பிடித்துவைத்தது மோப்ப மேசை. நீண்ட மேசைமேல் கண்ணாடிக் குடுவைகளைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றின் உள்ளும் ஏதோ ஒரு பொருள், பக்கத்தில் குழல், அதோடு ஒரு ரப்பர் பந்து. பந்தை அமுக்கினால் குழல் வழியாக வாசனை மூக்குக்கு வரும். ஒயினில் எந்தெந்த வாசனைகள் ஒளிந்திருக்கின்றன என்று பழக்குவதற்கான ஏற்பாடு. ஆத்தா கண்ணை மூடிக்கொண்டு, ‘இது நாரத்தைத் தோல். இது புதுச் செருப்பு. இது எங்கள் அப்பச்சி கணக்குப் புத்தகம் வைத்திருந்த அலமாரி’ என்று அடுக்கிக்கொண்டே போனார். பக்கத்தில் நின்ற பிரெஞ்சுப் பெரியவர் ஒருவர், ஒரு சொல்லும் புரியாமலேயே, அடுத்த பந்தை இவருக்காக அமுக்கிக் கொடுத்தார். இருவரும் அப்படியே மேசையின் கடைசி வரை போனார்கள்.

டிக்கெட்டிலேயே எட்டாம் தளத்தில் ஒரு கோப்பை ஒயின் சேர்த்தி. வேண்டாதவர்களுக்குத் திராட்சைச் சாறு. கூரை முழுக்க ஆயிரக்கணக்கான கண்ணாடிப் புட்டிகள் தொங்குகின்றன. 35 மீட்டர் உயரத்திலிருந்து ஆறும் ஊரும் தெரிகின்றன. நாங்கள் சாறுதான் குடித்தோம். மகள் என்ன குடித்தாள் என்று யாரும் கேட்க வேண்டாம்.

குறை என்றால், கேட்கவும் பார்க்கவும் இருப்பது என் பொறுமைக்கு மிக அதிகம். காதல் கவிதைகளைப் படுத்துக்கொண்டே கேட்க வட்டமான சிவப்பு மெத்தை போட்டிருக்கிறார்கள். நான் அதில் தூங்கிவிட்டேன்.


பள்ளத்தூர்_ஆச்சி எழுதியது:

தம்பி, ரசித்து எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. பெண்கள் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சம்பள நாளில் அப்பாவை ஒயின்ஷாப் வாசலில் மறித்துக் காசு வாங்கிக்கொண்டு பள்ளிக்கு வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களிடம் போய், ‘கடல் தாண்டி ஓர் ஊரில் இதற்குக் கோயில் கட்டியிருக்கிறார்கள், அது கலாசாரம்’ என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது.

கோப்பை பளபளப்பாக இருந்தால் உள்ளே இருப்பது வேறு பொருளாகிவிடுமா? உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொன்னது, மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று. அந்த வாசகம் உங்கள் அருங்காட்சியகத்தின் எந்தச் சுவரில் இருக்கிறது? அதைக் கட்டக் காசு கொடுத்தவர்கள் யார் என்றும் கொஞ்சம் சொல்லுங்கள்.


கோட்டையூரான் எழுதியது:

ஆச்சி, நியாயமான கேள்வி. செலவு ஏறத்தாழ 81 மில்லியன் யூரோ. பெரும்பகுதி பொதுப்பணம்: நகராட்சி, மாகாணம், ஐரோப்பிய ஒன்றியம். மிச்சம் தனியார் நன்கொடை. அதில் ஒயின் வியாபாரிகளும் இருக்கிறார்கள். அதனால் முழுக்க நடுநிலையான இடம் என்று நான் வாதாடமாட்டேன். திராட்சைத் தோட்டக்காரன் அழகாகச் சிரிக்கும் காணொளிகள் நிறைய. கல்லீரல் கெட்டவனின் காணொளி எதுவும் என் கண்ணில் படவில்லை.

ஆனால் பிரான்சில் 1991இல் எவின் சட்டம் என்று ஒன்று வந்தது. அதற்குப் பிறகு தொலைக்காட்சியில் மது விளம்பரமே கிடையாது. நம் ஊரில் சோடா, இசைத்தட்டு என்று வேறு பெயரில் வரும் விளம்பரங்களைவிட அது எவ்வளவோ மேல்.


தேவகோட்டைத்_தம்பி எழுதியது:

புதுச்சேரியில் ஒரு ஹோட்டலில் உணவு, பானப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஆச்சி கோபித்துக்கொள்ள வேண்டாம், இது என் பிழைப்பு. ஒயின் பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததே துப்புவதற்குத்தான். வாயில் வைத்து, சுழற்றி, துப்பிவிட வேண்டும். விழுங்கினால் மத்தியானத்துக்குள் வேலை கெட்டுவிடும்.

அண்ணன் சொன்ன மோப்ப மேசைதான் அந்தத் தொழிலின் அரிச்சுவடி. நாக்குக்குத் தெரிவது புளிப்பு, இனிப்பு, கசப்பு என்று விரல்விட்டு எண்ணக்கூடியவை. மீதி எல்லாம் மூக்கின் வேலை. கோப்பையைச் சுழற்றுவது அலட்டல் என்று நினைப்பவர்கள் உண்டு. சுழற்றும்போது ஒயின் கண்ணாடியின் உட்புறம் பரவி, காற்று பட்டு, வாசனை எழும்பும். அதனால்தான் கோப்பையை வாய் வரை நிரப்புவதில்லை.

இன்னொன்று. திராட்சையைப் பிழிந்தால், கறுப்புத் திராட்சையிலிருந்துகூட, பெரும்பாலும் நிறமில்லாத சாறுதான் வரும். சிவப்பு நிறம் தோலில் இருக்கிறது. தோலோடு சேர்த்துப் புளிக்கவிட்டால் சிவப்பு ஒயின், தோலை எடுத்துவிட்டால் வெள்ளை. அந்தத் தோலிலும் விதையிலும்தான் துவர்ப்பும் இருக்கிறது. வெளிநாட்டு விருந்தாளிகளில் சிலருக்கு இந்தத் துவர்ப்பைப் புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். நம் ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம்; வாழைப்பூவை மோரில் போடாமல் சமைத்துப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். அறுசுவையில் அதற்கு நாம் தனி இடமே கொடுத்திருக்கிறோம்.

போர்தோ பக்கம் பீப்பாய்க்கு ஓர் அளவு உண்டு, 225 லிட்டர். ஓக் மரம். உள்பக்கத்தைத் தீயில் வாட்டுவார்கள். அந்த வாட்டலிலிருந்துதான் வெனிலா, புகை, காப்பி போன்ற வாசனைகள் ஏறுகின்றன. 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பூச்சி வேரைத் தின்று பிரான்சின் தோட்டங்களை அழித்தபோது, அமெரிக்கக் கொடியின் வேர்க்கட்டையிலேயே பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டிப் பிழைத்தார்கள். இன்றைக்கும் அங்கே பெரும்பாலான கொடிகள் ஒட்டுதான்.


செட்டிநாடு_ஸ்டேஷன் எழுதியது:

பிள்ளைகளோடு போகலாமா அண்ணே? பெரியவனுக்குப் பத்து வயது, சின்னவள் ஓர் இடத்தில் நிற்கமாட்டாள். டிக்கெட் எவ்வளவு? எவ்வளவு நேரம் ஆகும்? ஐரோப்பாவில் இதே மாதிரி வேறு எங்கே இருக்கிறது? என் வீட்டுக்காரிக்கு ஸ்பெயின் போக வேண்டுமாம்.


கோட்டையூரான் எழுதியது:

தாராளமாகப் போகலாம். சிறுவர்களுக்கென்று தனி விளக்கம் ஒலிக் கருவியிலேயே இருக்கிறது. பெரியவர்களுக்கு இருபது யூரோவுக்கு மேல் ஆகும். போகும் முன் இணையத்தில் பார்த்துவிடுங்கள், வார இறுதிக்கு மாறலாம். மூன்று மணி நேரமாவது வேண்டும். சின்னவளை மோப்ப மேசையில் விட்டுவிடுங்கள், நீங்கள் நிம்மதியாகச் சுற்றலாம்.

ஸ்பெயின் என்றால் ரியோகா மாகாணத்தில் பிரியோனஸ் என்ற சிற்றூரில் விவாங்கோ குடும்பத்தாரின் அருங்காட்சியகம் இருக்கிறது, 2004இல் திறந்தது. தக்கை எடுக்கும் திருகிகளை மட்டும் ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறார்களாம். இத்தாலியில் பரோலோ ஊர்க் கோட்டைக்குள் 2010இல் ஒன்று திறந்தார்கள். உச்சி மாடியில் தொடங்கி நிலவறை வரை இறங்கிக்கொண்டே பார்க்க வேண்டும். போர்ச்சுகலில் போர்ட்டோ நகருக்கு எதிர்க்கரையில், விலா நோவா டி காயாவில், பழைய ஒயின் கிடங்குகளை 2020இல் அருங்காட்சியகங்களாக்கினார்கள். அதில் தக்கைக்கென்றே தனியாக ஒன்று. இவை மகள் சொன்னவை. நான் பார்த்தது போர்தோ மட்டும்தான்.


கல்வெட்டுக்_கிறுக்கன் எழுதியது:

இவ்வளவு தூரம் போனீர்களே, நம் பக்கத்திலேயே யவன ஒயின் இறங்கிய கரை இருக்கிறது. அதை யாரும் சொல்லவில்லையே!

ராமநாதபுரம் பக்கம், வைகை கடலில் கலக்கும் இடத்தை ஒட்டி அழகன்குளம். காரைக்குடியிலிருந்து காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். அங்கே தோண்டியபோது ரோமானியக் காசுகளும் ஆம்போரா ஓடுகளும் கிடைத்தன. ஆம்போரா என்பது இரு காதுள்ள நீண்ட மண்சாடி, அடிப்பகுதி கூராக இருக்கும். தரையில் நிற்காது. கப்பலின் அடித்தளத்தில் மணலில் செருகி, ஒன்றின் தோளில் இன்னொன்றைச் சாய்த்து அடுக்குவதற்காகவே அந்தக் கூர். உள்ளே ஒழுகாமல் இருக்கப் பிசின் பூசுவார்கள். 1945இல் தொல்லியலாளர் வீலர் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் தோண்டியபோதும் இதே ஓடுகள். இத்தாலியிலிருந்து வந்தவை, ஏஜியன் கடலின் கோஸ் தீவு வகையைச் சேர்ந்தவை என்று பின்னால் பிரித்துச் சொன்னார்கள்.

அளவை மட்டும் மிகைப்படுத்த வேண்டாம். கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்க மாலுமிக் குறிப்பு ஒன்று சேரர் துறைமுகமான முசிறிக்கு வரும் சரக்குகளைப் பட்டியலிடுகிறது. அதில் ஒயினும் உண்டு, ‘அதிகமில்லை’ என்ற அடைமொழியோடு. ஆக அது அரசனும் பெருவணிகனும் குடித்த பொருள். புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது, யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பொற்கலத்தில் ஏந்தி மகளிர் கொடுக்க அருந்துவாயாக என்கிறார். பாண்டியனுக்குப் பொற்கலம். ஊர்க்காரனுக்கு அன்றும் கள்தான்.

மண்சாடி என்றதும் ஜார்ஜியா நாட்டைச் சொல்ல வேண்டும். கழுத்துவரை மண்ணில் புதைத்த பெரிய சாடிகளில் இன்றும் ஒயின் புளிக்கவிடுகிறார்கள். 2013இல் யுனெஸ்கோ அந்த முறையைப் பண்பாட்டு மரபாகப் பதிவு செய்தது. அங்கே கிடைத்த மண்பாண்டத் துண்டுகள் ஏறத்தாழ 8,000 ஆண்டுப் பழமையானவை. போர்தோ அதற்கு முன்னால் நேற்றுப் பிறந்த குழந்தை.


பள்ளத்தூர்_ஆச்சி எழுதியது:

பாண்டியன் குடித்தான் என்பதால் நானும் குடிக்க வேண்டுமா? அவன் யானையும்தான் வைத்திருந்தான்.


செட்டிநாடு_ஸ்டேஷன் எழுதியது:

ஆச்சி சொல்வது சரி. கள்ளுக்கு 1987 முதல் தடை, சீமைச் சரக்குக்கு மட்டும் அரசே கடை. இதைக் கேட்க ஆளில்லை. கட்சிகள் எல்லாம்


மட்டுறுத்துநர் எழுதியது:

மேலே உள்ள பதிவின் பிற்பகுதி நீக்கப்பட்டது. மதுக்கடை அரசியலுக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே சண்டை போடுங்கள். இங்கே அருங்காட்சியகம் மட்டும்.


ஆத்தங்குடி_ஓடு எழுதியது:

எல்லோரும் சுற்றி வளைத்துப் பேசுகிறீர்கள், நான் நேரே விஷயத்துக்கு வருகிறேன். கோட்டையூரான் அண்ணன் எழுதியதில் என்னை உறுத்தியது ஒன்றுதான். ஆத்தா மோப்ப மேசையில் கண்ணை மூடி எல்லாவற்றையும் கண்டுபிடித்தாரே, அந்த மூக்கு எங்கே பழகியது? நம் வீட்டு மூன்றாம் கட்டில் (வீட்டின் பின்பகுதி), அடுப்படியில். அப்படியானால் அந்த மேசை ஏன் போர்தோவில் இருக்கிறது, கானாடுகாத்தானில் ஏன் இல்லை?

நான் சுற்றுலாப் பயணிகளுக்கு வீடு காட்டுபவன். பிரெஞ்சுக்காரர்கள்தான் அதிகம் வருகிறார்கள். முகப்பில் நிற்கவைத்து, ‘பர்மாத் தேக்கு, இத்தாலிச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி’ என்று சொல்வோம். எல்லோரும் தலையை அண்ணாந்து உத்தரத்தைப் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். ‘தொடாதீர்கள்’ என்ற பலகை எல்லா அறையிலும். அந்த வீட்டில் பிள்ளைகள் பிறந்தார்கள், வட்டிக் கணக்கு எழுதினார்கள், ஐப்பசி மழையில் வளவு முற்றத்தில் கிடாரம் வைத்துத் தண்ணீர் பிடித்தார்கள், கல்யாணத்துக்கு ஊரையே கூட்டிச் சமைத்தார்கள் என்று எதுவும் அவர்களுக்குத் தெரியாது. மரச்சாமான் கடையைச் சுற்றிப் பார்த்த திருப்தியோடு போகிறார்கள்.

ஒரே ஓர் இடத்தில்தான் அவர்கள் முகம் மாறும். எங்கள் தரை ஓட்டுப் பட்டறையில் கண்ணாடிப் பலகைமேல் சட்டத்தை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் சாயக் கலவையை அவர்களையே ஊற்றச் சொல்வேன். அதன்மேல் மணலும் சிமெண்டும். பிறகு தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும்போது கண்ணாடி விட்ட பக்கம் பளபளவென்று வரும். தான் ஊற்றிய பச்சை பக்கத்துக் கட்டத்தில் வழிந்துவிட்டதே என்று ஒரு பெரிய மனிதர் சின்னப்பிள்ளை மாதிரி வருத்தப்பட்டார். அந்தக் கோணல் ஓட்டைத்தான் விலை கொடுத்து வாங்கிப் போனார்.


தேவகோட்டைத்_தம்பி எழுதியது:

அண்ணே, இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். கல்பாசியை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியூர் சமையல்காரர்கள் கையில் கொடுத்தால் முகர்ந்துவிட்டு, ‘இது என்ன, மரப்பட்டைக் குப்பை’ என்பார்கள். பாசியும் பூஞ்சையும் ஒட்டி வாழும் ஓர் உயிர் அது, பாறையிலும் மரத்திலும் படரும். காய்ந்த நிலையில் மண்ணும் தூசியுமாக ஏதோ ஒரு மங்கல் வாடைதான். சூடான நல்லெண்ணெயில் ஒரு துண்டு போட்டால் ஒரு நொடி ஒன்றுமில்லை, பிறகு வீடே மாறிவிடும். போர்தோவின் ரப்பர் பந்து இதற்குச் சரிப்படாது. சின்ன இரும்புக் கரண்டி, எண்ணெய், அடுப்பு வேண்டும். மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ, சோம்பு என்று வரிசையாக வைத்து, கண்ணைக் கட்டிவிட்டு எந்த வாசனை எந்தக் குழம்பு என்று கேட்கலாம்.


கல்வெட்டுக்_கிறுக்கன் எழுதியது:

>>அந்த மேசை ஏன் போர்தோவில் இருக்கிறது, கானாடுகாத்தானில் ஏன் இல்லை?

முயற்சியே இல்லை என்று சொல்ல முடியாது. 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகத்தை நம் செட்டிநாட்டுக் கட்டடப் பாணியில்தான் கட்டினார்கள். ஆத்தங்குடி ஓடு, தூண், முற்றம் எல்லாம் உண்டு. தொடுதிரை, அசைபடம் என்று நவீன வசதிகளும் இருக்கின்றன. சென்னை பக்கம் முட்டுக்காட்டு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் நம் ஊர் வீடு ஒன்றைப் பிரித்துக் கொண்டுபோய் அப்படியே மறுபடி கட்டியிருக்கிறார்கள். யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் இருக்கின்றன. உத்தேசத்திலேயே இருக்கின்றன, அது வேறு கதை.


ஆத்தங்குடி_ஓடு எழுதியது:

கீழடியைக் குறை சொல்ல மாட்டேன், அங்கே பள்ளிப் பிள்ளைகள் கூட்டத்தைப் பார்த்தாலே சந்தோஷமாக இருக்கும். ஆனால் நம் ஆட்கள் ‘ஊடாடும் அருங்காட்சியகம்’ என்றால் உடனே தொடுதிரையை நினைக்கிறார்கள். வேறொரு காட்சிக்கூடத்துக்குப் போயிருந்தேன், பெயர் வேண்டாம். திரை இருக்கிறது, அதன்மேல் ‘பழுது’ என்று ஒட்டிய தாளும் இருக்கிறது. தாளே மஞ்சளாகிவிட்டது. திரைக்கு வாரண்டி முடிந்ததும் எல்லாம் முடிந்தது. ஆட்டுக்கல்லுக்கு வாரண்டி ஏது? குழவியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றச் சொன்னால் பத்து வயதுப் பையன் ஒரு மணி நேரம் அங்கேயே கிடப்பான்.


கோட்டையூரான் எழுதியது:

ஒரு திருத்தம். போர்தோவில் திரைகளும் ஏராளம், அவை நன்றாகவே வேலை செய்தன. அவற்றைப் பராமரிக்க ஆள் இருக்கிறார்கள், காசு இருக்கிறது. ஆனால் ஊர் வந்து சேர்ந்த பிறகு ஆத்தா பேசுவதெல்லாம் அந்த ரப்பர் பந்தைப் பற்றித்தான், எந்தத் திரையையும் பற்றி அல்ல.

நம் பக்கம் வைப்பதென்றால் சாப்பாட்டோடு நிறுத்தக் கூடாது. கப்பல் அரங்கு மாதிரி ஒன்று வேண்டும். ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று மூன்றைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். சைகோனை மறந்துவிடுகிறார்கள். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் அங்கே கடை வைத்திருந்தவர்கள் நம் ஆட்கள். அவர்கள் கட்டிய தண்டாயுதபாணி கோயில் இன்றும் அங்கே இருக்கிறது. போர்தோ மாதிரித் துறைமுகத்திலிருந்து ஏறிய பிரெஞ்சு அதிகாரி சைகோனில் நம் செட்டியாரிடம் கடன் வாங்கியிருப்பார். அந்தக் கைமாற்றுக் கணக்கை வைத்தே ஓர் அறை நிரப்பலாம்.


செட்டிநாடு_ஸ்டேஷன் எழுதியது:

திராட்சையையும் விட்டுவிடாதீர்கள். கம்பம் பன்னீர் திராட்சையும் வெளிநாட்டுச் சரக்குதான். 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் சாற்றை வாசலில் ஒரு கோப்பை கொடுத்தால் போர்தோ எட்டாம் தளம் நம் மொட்டை மாடியில்!


பள்ளத்தூர்_ஆச்சி எழுதியது:

சாறு என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. மற்றபடி முதலில் சொன்னதில் ஓர் எழுத்தையும் மாற்றிக்கொள்ள மாட்டேன். அந்த அருங்காட்சியகம் அருங்காட்சியக வேடம் போட்ட கடை.

மோப்ப மேசையை நீங்கள் ஆண்பிள்ளைகள் திட்டமிடும் லட்சணம்தான் எனக்குச் சிரிப்பாக வருகிறது. கல்பாசி, மராட்டி மொக்கு என்று கறிக்குழம்பு மசாலாவிலேயே நிற்கிறீர்கள். ஹோட்டல் பலகையில் எழுதியிருப்பதுதான் செட்டிநாடு என்று நினைப்பா? கவுனி அரிசி வேகும்போது வரும் வாசனை எங்கே? கந்தரப்பத்துக்கு மாவு அரைத்து எடுத்ததும் வரும் ஏலக்காய் வாசனை எங்கே? மாவுருண்டைக்குப் பாசிப்பருப்பை எந்தப் பதத்தில் வறுப்பது என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? பருப்பு சிவக்க ஆரம்பிக்கும்போது ஒரு வாசனை வரும், கொஞ்சம் தாமதித்தால் வேறொரு வாசனை வரும், அப்புறம் அந்த உருண்டையை நாய்கூடச் சீண்டாது. இரண்டு தட்டில் இரண்டு பதத்தையும் வைத்துப் பிள்ளைகளை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அதுதான் பாடம்.

சாடிகளையும் வையுங்கள். என்னிடம் பர்மாவிலிருந்து வந்த மர்த்தபான் சாடிகள் இருக்கின்றன. ஒன்றில் மாவடு போட்டுப் போட்டு, கழுவிக் கவிழ்த்து வைத்தாலும் வாசனை போகாது. மூடியைத் திறந்தால் போதும், ரப்பர் பந்தெல்லாம் வேண்டாம்.


தேவகோட்டைத்_தம்பி எழுதியது:

ஆச்சி, அந்தச் சாடி ஒன்று கிடைத்தால் போதும், மேசை பாதி தயார். துவர்ப்புக்கு மட்டும் நான் ஏற்பாடு செய்கிறேன்: பிஞ்சு வாழைக்காய், மாதுளைத் தோல், கடுந்தேநீர். ஒயின் கொண்டுவர மாட்டேன், சத்தியம்.


ஆத்தங்குடி_ஓடு எழுதியது:

பேச்சோடு போகாமல் ஒரு தரம் செய்து பார்த்துவிடலாம். பிள்ளையார் நோன்புக்கு எல்லோரும் ஊருக்கு வருவீர்கள். அதற்கு மறுநாள், கானாடுகாத்தானில் எங்கள் பெரிய வீட்டு இரண்டாம் கட்டில், மேசை போட்டு நம் பிள்ளைகளுக்கு மட்டும். டிக்கெட் கிடையாது, பலகை கிடையாது. ஒலி விளக்கம் வேண்டுமென்றால் ஆச்சியே இருக்கிறார்.

ஒரே சிக்கல், வீட்டுக்குப் பங்காளிகள் முப்பதுக்கு மேல். நான் ஒருத்தன் கதவைத் திறந்தால் மற்றவர்கள் ‘எங்களைக் கேட்டாயா’ என்பார்கள். வளவு அறைச் சாவி கோயம்புத்தூரில் ஒருவரிடம், இரண்டாம் கட்டுச் சாவி சிங்கப்பூரில் ஒருவரிடம். சிங்கப்பூர்க்காரர் இந்த மன்றத்தில் வேறு பெயரில் உலாவுகிறார் என்று எனக்குச் சந்தேகம்.


செட்டிநாடு_ஸ்டேஷன் எழுதியது:

நான்தான் அண்ணே. சிங்கப்பூரை விட்டு வந்து நாளாகிவிட்டது, யாரிடமும் சொல்லவில்லை. சாவி என்னிடம்தான் இருக்கிறது. ஆனால் பூட்டு துருப்பிடித்திருக்கிறது, கொல்லனை அழைத்து வாருங்கள். கோயம்புத்தூர் பெரியப்பச்சியிடம் மட்டும் நீங்கள் பேசிவிடுங்கள், நான் பேசினால் பாகப்பிரிவினைக்குப் போய்விடும்.


பள்ளத்தூர்_ஆச்சி எழுதியது:

அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன், என் மாணவியைத்தான் கட்டியிருக்கிறார். சாடியைத் தூக்க இரண்டு ஆள் அனுப்புங்கள். ஆட்டோவில் படுக்கவைத்துக் கொண்டுவரக் கூடாது.